மிச்சப் பணத்தை எங்கே வைப்பது? கொடை விழாக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

கன்னடியன் கால்வாய்க் கரையில் உள்ள நம் ஊர் முத்தாரம்மன் கோயில் கொடை விழாக் கமிட்டியின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கும், கோயில் வரி கட்டும் வரிதாரர் அனைவருக்கும், சென்னையிலும் மும்பையிலும் இருந்தபடி ஆண்டுதோறும் தவறாமல் வரி அனுப்பிவரும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டுக் கொடை ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. கால்நாட்டு முதல் மஞ்சள் நீராட்டு வரை சச்சரவு என்று ஒன்று எழவில்லை. வில்லுப்பாட்டுக்காரர்களுக்குப் பேசிய தொகையை அவர்கள் மேடையிலிருந்து இறங்கிய உடனே எண்ணிக் கொடுத்தீர்கள். சாமக்கொடை முடிந்து படைப்புச் சோறு வாங்க நின்ற வரிசையில் யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. இதற்காக இரவு பகலாக உழைத்தவர்களைப் பாராட்டிய பிறகே நான் சொல்ல வந்ததைச் சொல்வது முறை. செலவு போக மிஞ்சிய பணத்தோடு வெளியூர்ப் பிள்ளைகள் தனியாக அனுப்பிய நன்கொடையையும் சேர்த்து, மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில் கான்கிரீட் ஆர்ச் ஒன்று கட்டுவதென்றும், ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் பெயர்களைக் கருங்கல்லில் வெட்டி அதில் பதிப்பதென்றும் கமிட்டியில் பேச்சு நடப்பதாக அறிகிறேன். கொத்தனார் நான்கு லட்சம் ஆகும் என்று மதிப்பீடு கொடுத்திருப்பதாகவும் சொன்னார்கள். வரவு செலவு வாசிக்கும் ஊர்க்கூட்டத்தில் இது தீர்மானமாக வருவதற்கு முன்பு, அந்தப் பணத்தை வேறு விதமாகப் போட்டுவைக்கலாம் என்ற யோசனையை எழுத்தில் தருகிறேன். கூட்டத்திலேயே எழுந்து பேசலாமே என்று கேட்பீர்கள். நம் ஊர்க்கூட்டத்தில் ஒருவரைப் பேசி முடிக்க விட்டதாக எனக்கு நினைவில்லை.

என் வேலைக்காலம் முழுவதும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கழிந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். முதலீடு என்றால் வட்டி விகிதம், முதிர்வுத் தேதி, ஜாமீன் ஆகிய மூன்றுமே முதலில் என் நினைவுக்கு வரும். ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவரையில், பேரேட்டில் ஏறும் கொடுக்கல் வாங்கலைத் தாங்கி நிற்பது எந்தப் பேரேட்டிலும் ஏறாத கொடுக்கல் வாங்கல்தான். கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வந்தவரிடம், கடன் கேட்பவர் உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்பேன். மாமன், மச்சான் என்று உறவுமுறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் என் தகப்பனார் செத்த அன்று எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை, துட்டி வீட்டுக்குச் சோறு ஆக்கிக் கொண்டுவந்தது இவர் வீட்டம்மாதான் என்று சொல்லி, தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர்களும் இருந்தார்கள். என்றோ போட்ட ஒரு படிச் சோறு, பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பயிர்க்கடனுக்குப் பிணையாக வந்து நின்றது. சோறு ஆக்கிய அந்த அம்மா அதை முதலீடு என்று நினைத்திருக்க மாட்டார். நினைத்திருந்தால் அது விளைந்திருக்கவும் செய்யாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் பக்கத்தில் கொடுத்து வாங்கும் வழக்கத்துக்குக் குறைவில்லை. கல்யாண வீட்டில் சுருள் என்று மொய்ப் பணம் வைக்கிறோம். சடங்கு வீட்டுக்குச் செய்முறை செய்கிறோம். எல்லாம் நோட்டில் பெயரோடு ஏறுகிறது. திருப்பிச் செய்யும்போது பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்து ஒரு நூறு கூட்டி வைக்கிறோம். இதைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. வங்கி வாசலை மிதிக்காத எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சுருளை நம்பித்தான் பெண்ணைக் கட்டிக் கொடுத்தன. ஆனால் திருப்பி வைக்க வழியுள்ளவர்களுக்கு நடுவில் மட்டுமே அந்தப் பணம் சுற்றிவரும். நோட்டில் நின்றுபோன பாக்கிக்காக வெட்கப்பட்டு, அழைப்பிதழ் வந்தும் கல்யாணத்துக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் நம் நான்கு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் பணமும் அதில் இல்லை, நாளடைவில் பழக்கமும் விட்டுப்போகிறது.

இதற்கு நேர்மாறான இன்னொரு கொடையும் நம் ஊரில் இருந்தது. அறுப்புக் களத்தில் நெல் அளந்த பிறகு, ஊருக்கு ஊழியம் செய்தவர்களுக்கு இவ்வளவு என்று அளந்து போடுவார்கள். எல்லாரும் சாப்பிட்டோம், அந்தக் காலத்து உறவு இப்போது இல்லை என்று சில பெரியவர்கள் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். வாங்குகிறவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அளப்பவர் கண்ணில் படும்படி ஓரமாக நிற்க வேண்டியிருந்ததை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அந்த நெல் அவர்களுக்குச் சேர வேண்டிய கூலி. அதையே கொடையாக மாற்றி, வாங்கியவரை என்றைக்கும் வாங்குபவராகவே நிறுத்திவைத்த ஏற்பாட்டை உறவு என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நம் வயலுக்கு வர மறுப்பதில் வியக்க ஒன்றுமில்லை.

ஆகவே நான் சொல்வது இதுதான். வாங்கியவர் ஒருநாள் தாமும் கொடுப்பவராக வந்து நிற்க இடம் வைத்துக் கொடுத்தால் அந்தப் பணம் ஊரில் வேர் பிடிக்கும். பெயர்ப் பலகைக்குக் கொடுத்தது பலகையோடு நின்றுவிடும்.

இதற்கு நாம் வெளியூர் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை, நம் ஊரை ஒட்டி ஓடும் கால்வாயே போதும். கன்னட நாட்டிலிருந்து வந்த ஓர் இளைஞன், மலையாள மன்னன் ஒருவனிடம் தானமாகப் பெற்ற செல்வத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல், அகத்தியரின் வாக்குப்படி தாமிரபரணியிலிருந்து பசு ஒன்று நடந்துபோன வழியே கால்வாய் வெட்டி, அது படுத்த இடங்களில் குளம் தோண்டினான் என்று நம் பாட்டிமார் கதை சொன்னார்கள். கதையில் எவ்வளவு உண்மை என்பதை ஆராய நான் தகுதியானவன் அல்லன். கன்னடியன் அணைக்கட்டும் கால்வாயும் கண்முன் இருக்கின்றன. ஏறத்தாழ 12,500 ஏக்கருக்கு அதில் நீர் பாய்கிறது. கல்லிடைக்குறிச்சியும் வீரவநல்லூரும் சேரன்மகாதேவியும் அந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தின்று வளர்ந்த ஊர்கள். வெட்டியவனின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, எங்கிருந்து வந்தான் என்பது மட்டுமே அவன் பெயராக நிற்கிறது. தனக்கு வந்த தானத்தை ஓர் அயலூர்க்காரன் இன்னும் பெரிய தானமாக்கி நம்மிடம் விட்டுப்போனான் என்றே நம் முன்னோர் நம்ப விரும்பியிருக்கிறார்கள். மடை திறக்கும்போது மட்டும் மேல்மடைக்காரருக்கும் கீழ்மடைக்காரருக்கும் சண்டை வருகிறது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, விருதுபட்டி. இன்று விருதுநகர் என்கிறோம். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும் வரை அது நம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்கிருந்த வணிகர்கள் தங்கள் வியாபாரத்தின் மீது தாங்களே மகமை என்று ஒரு தொகையை விதித்துக்கொண்டார்கள். வீட்டுப் பெண்கள் தினமும் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்தியாசாலை இப்படிச் சேர்ந்த பொருளால் நடந்தது. அங்கே படித்த பிள்ளைகளில் ஒருவர் காமராசர். பிற்காலத்தில் அவர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல், அன்று நம் மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் அது ஊர்மக்கள் கொடுத்த தானியத்தையும் பணத்தையும் நம்பி நடந்தது, பின்னர் அரசு தன் பங்கைச் சேர்த்தது. பிடி அரிசியிலிருந்து மதிய உணவுக்கு நேராகக் கோடு கிழித்துக் காட்ட நான் முயலவில்லை. ஊர் கொடுத்த அரிசியில் நடந்த பள்ளியில் படித்த ஒருவருக்கு, ஊர் மனம் வைத்தால் பிள்ளைகளுக்குச் சோறு போட முடியும் என்பதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது என்று மட்டும் நினைக்கிறேன். மகமையும் ஒரு சமூகத்தாருக்குள் சேர்ந்த பணம்தான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நாம் அதைவிட ஓரடி கூட எடுத்து வைக்க முடியும்.

அந்த ஓரடி எங்கே என்பதை 2023 டிசம்பரில் பார்த்தோம். 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில் சிக்கிக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலம் வந்து சேரும் முன்பு அவர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டவர்கள் பக்கத்திலிருந்த புதுக்குடி ஊர்மக்கள். அவர்கள் ஊரையும் தண்ணீர் சூழ்ந்திருந்தது. வீட்டிலிருந்த அரிசியை ஒன்றாகச் சேர்த்து, முன்பின் தெரியாதவர்களுக்கு உலை வைத்தார்கள். நம் பக்கத்து ஊர் எதுவானாலும் கொடைக்கு ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் போடப் பழகிய கைகளும் அண்டாக்களும் அங்கே இருக்கும். கோயிலில் பழகிய அந்தப் பழக்கம் ஆபத்து நேரத்தில் அந்நியருக்கும் உதவுகிறது. கொடை விழா வீண் செலவு என்று பேசுபவர்களோடு நான் சேராததற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே இரவில் நம் ஊரில் நடந்ததையும் நினைவுபடுத்துகிறேன். மேலத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, நடக்க முடியாத முதியவர்களைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோனவர்கள் கால்வாய்க்கு அக்கரையில் இருக்கும் காலனிப் பையன்கள். அவர்கள் நம் கோயில் வரிதாரர்கள் அல்லர். அவர்களிடம் நாம் வரி கேட்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. படைப்புச் சோறு வரிசை அவர்கள் தெரு வரை நீள்வதும் இல்லை. நான் இந்த மடலின் முதலில் யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை என்று எழுதியது, வரிசையில் நிற்க வந்தவர்களைப் பற்றி மட்டும்தான். அந்த ஆண்டுக் கொடையின் வரவு செலவு வாசித்தபோது, அந்தப் பையன்கள் செய்ததை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று யாரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இன்றும் நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் கையில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்துத்தான் பெஞ்சில் இடம் பிடிக்கிறார்கள். இந்த நிலையில் ஊருக்கு வெளியே நாம் கட்டும் ஆர்ச்சுக்குள் யாருடைய ஊர் தொடங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் யோசனைக்கு வருகிறேன். மிச்சப் பணத்தை ஊர்க் கைமாற்று நிதியாக வைக்க வேண்டும். இப்போது கோயில் பணத்தை வரிதாரர்களுக்கு மட்டும், நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு விடுகிறோம். வெளியில் அஞ்சு வட்டி, பத்து வட்டி என்று ஓடும்போது இது மலிவுதான் என்பது உண்மை. ஆனால் 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை என்று புகார் சொல்லி ஒரு குடும்பமே குழந்தைகளோடு திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்ததை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதிக வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அவசரத்துக்குக் கை நீட்ட வேறு இடம் இல்லாதவரைச் சட்டம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? ஜூன் மாதம் கல்லூரியில் முதல் தவணை கட்ட வேண்டிய பிள்ளை, பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்றாலும் கூட இருப்பவருக்குச் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் போன கூலிக்கும் திண்டாடும் குடும்பம், நடுவில் தையல் மிஷின் பழுதாகி வேலை நின்றுபோன பெண் ஆகியோருக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் வட்டியில்லாமல் கொடுக்கலாம். நகை அடகு கேட்க வேண்டாம். முடிந்தபோது, முடிந்த தவணையில் திருப்பித் தரட்டும்.

ஜாமீன் மட்டும் வேண்டும், அதிலும் ஒரு நிபந்தனை. ஜாமீன் நிற்பவர் கடன் வாங்குபவரின் தெருவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. மேலத் தெருக்காரருக்குக் கீழத் தெருக்காரர் நிற்கட்டும். வரிதாரர் அல்லாத அக்கரைக்காரருக்கு வரிதாரர் ஒருவர் நிற்கட்டும், நமக்கு அவர்கள் நிற்கட்டும். வாங்கியதைத் திருப்பிக் கட்டி முடித்தவர் அடுத்தவருக்கு ஜாமீன் நிற்கும் தகுதி பெற வேண்டும். இந்த யோசனையின் உயிரே இதில்தான் இருக்கிறது. மற்ற எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், இதை மாற்றாதீர்கள். தெருவைத் தாண்டி ஒருவரைத் தேடிப்போய், எனக்காகக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்க வேண்டுமானால், அதற்கு முன்பே அவரோடு பேச்சுவார்த்தை இருந்திருக்க வேண்டும். இல்லாதவர்கள் இனிமேலாவது வைத்துக்கொள்வார்கள்.

பணத்தை நிர்வகிக்க ஐந்து பேர் போதும். அவர்களில் இருவராவது பெண்களாக இருக்க வேண்டும். நம் கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லை. ஆனால் பல வீடுகளில் தலைக்கட்டு வரி பெண்கள் பீடி சுற்றிய கூலியிலிருந்துதான் வருகிறது. பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று மகளிர் குழுவில் சேர்த்து, யார் வீட்டில் இந்த மாதம் இடி விழுந்தது, யார் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று முடிவு செய்து பழகியவர்கள் அவர்கள். நம்மில் எவரைவிடவும் இந்த வேலை அவர்களுக்குத் தெரியும். கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் நூறு பங்கு வைத்திருந்தாலும் ஒரே பங்கு வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். நிதிக்கு அதிகம் கொடுத்தவர் பேச்சுக்கு அதிக எடை என்று இங்கேயும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வரவும் நிலுவையும் கோயில் அறிவிப்புப் பலகையில் மாதம்தோறும் எழுதப்படட்டும். வாங்கியவர் பெயர் மட்டும் பலகைக்கு வர வேண்டாம். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வது நல்லதா என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சாமி காசைக் கடனாகக் கொடுத்தால் திரும்பி வருமா என்று பொருளாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும். சில தொகைகள் வராமல் போகும். வாராக்கடனே இல்லாத சங்கத்தை நான் கண்டதில்லை. ஆனால் அம்மன் காசை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கும் ஆட்கள் நம் பக்கத்தில் குறைவு என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆர்ச்சில் போடும் நான்கு லட்சம் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்பதோடு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பெயின்ட் அடிக்க வேறு வரி வசூலிக்க வேண்டியிருக்கும்.

பெயர் போடாவிட்டால் வெளியூர்ப் பிள்ளைகள் பணம் தர மாட்டார்கள் என்ற பேச்சையும் கேட்டேன். அவர்களை அவ்வளவு சின்னவர்களாக நாம் நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் சாரா டக்கர் பெயரில் ஒரு மகளிர் கல்லூரி இருக்கிறது. நம் பக்கத்துப் பெண் குழந்தைகளின் படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்தபடியே பணம் திரட்டிய அந்தப் பெண்மணி இந்த ஊர்ப்பக்கத்தை ஒருமுறையும் பார்த்ததில்லை. தாராவியிலும் வண்ணாரப்பேட்டையிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஊரும் தெரியும், ஊரில் யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பதும் தெரியும். அவர்களில் பலர் முதன்முதலாக ரயில் ஏறியபோது டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தவர் யார், போய் இறங்கிய இடத்தில் பாயும் சோறும் கொடுத்தவர் யார் என்பதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கணக்கைத் தீர்க்க ஒரு வழி காட்டினால், கல்லில் பெயர் வேண்டும் என்று கேட்பவர்கள் சிலரே இருப்பார்கள். அப்படிக் கேட்பவர்களின் நன்கொடையைக் கோயில் மதில் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

முழுத் தொகையையும் இதில் போடத் தயக்கம் இருந்தால், முதல் ஆண்டுக்குப் பாதியைக் கொடுத்துப் பாருங்கள். மீதிப் பாதி வங்கியில் இருக்கட்டும். அடுத்த கொடைக்குக் கால்நாட்டும் முன்பு கணக்கைப் பார்த்து, தொடர்வதா நிறுத்துவதா என்று ஊர் முடிவு செய்யட்டும். பேரேடு எழுதும் வேலையைச் சம்பளம் இல்லாமல் நான் செய்து தருகிறேன். ஊர்க்கூட்ட அறிவிப்பில் இந்தப் பொருளையும் ஆர்ச் தீர்மானத்துக்கு முன்னால் சேர்க்க வேண்டும் என்றும், கூட்டத்துக்குப் பெண்களை அழைக்க வேண்டும் என்றும், அக்கரைத் தெருவிலும் அன்று தண்டோராப் போட வேண்டும் என்றும் கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தெற்குத் தெரு வரிதாரர் ஒருவர்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்.